குலுக்காத ஆடு

சாமி வர வேண்டிய நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சாமியாடி கண்மாய்க் கரைமேல் ஓடிக்கொண்டிருந்தான்.

பேர் மாயழகு. ஐம்பத்தேழு வயது. வருஷம் முழுக்க ஆட்டு யாவாரி. மாசிக் களரித் திருவிழா நடக்கும் ஒரு நாள் மட்டும் மடைக்கருப்பரின் சாமியாடி. அன்றைக்கு அவன் வாயில் வருவது ஊருக்குத் தீர்ப்பு.

கரை முடிகிற இடத்தில் ஒரு கல் மண்டபம். அங்கே முத்திருளாயி இருந்தாள். நாற்பது வயதுதான். வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுப்பாள். கேட்டவருக்குப் பதில் சொல்வாள். அந்தப் பதில் பிடிக்காமல் எழுந்து போனவர்கள்தான் அதிகம். மாயழகு மட்டும் நாலு வருஷமாக வந்துகொண்டிருக்கிறான். சண்டை போட்டுக்கொண்டே வருகிறான். உன்னைவிட இளையவளிடம் சீடனாகப் போய்விட்டாயா என்று யாராவது கேட்டால் அடிக்கப் பாய்வான். ஆனால் சீடன்தான்.

"தாயி!"

"வாங்கண்ணே. தண்ணி?"

"தண்ணி கிடக்கட்டும். எனக்கு இன்னைக்குச் சாமி வரணும். நீ வரவைக்கணும்."

அவள் பெரிய பானையின் வாயில் துணியைக் கட்டித் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நானா?"

"நீதான். நாலு வருஷமா உன் வாசல்ல வந்து நிக்கிறேன். நீ சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. சொல்லாததும் செஞ்சாச்சு. நாப்பத்தெட்டு நாள் கறி மீன் தொடலை. வெறுந்தரையில படுத்தேன். செருப்பில்லாம மூணு மலைக்கு நடந்தேன். இதுக்கு மேல என்ன வேணுமாம் அதுக்கு? கேட்டுச் சொல்லு. முடிச்சிருவோம்."

"பேரம் பேசுறீங்க."

"பேசாம? பேசாம எனக்கு எவன் எதைக் கொடுத்தான்? சாப்பிட்ட சோறுகூடப் பேசி வாங்கினதுதான்."

"அது சரி."

"சரின்னா வரவை."

கண்மாய்க்கு அப்பால் வேட்டு வெடித்தது. நீரோரம் நின்ற கொக்குகள் மொத்தமாக எழுந்தன.

"முதல் வேட்டு," என்றான் மாயழகு. குரல் இறங்கிவிட்டது. "நான் குளிக்கணும். ரெண்டாவதுக்குக் கச்சை கட்டணும். மூணாவதுக்குக் களத்துல நிக்கணும்."

"போய்க் குளிங்க."

"வெறும் உடம்பைக் குளிப்பாட்டி என்ன செய்ய? முன்னாடியெல்லாம் முதல் வேட்டுக்கே முதுகுத்தண்டுல எறும்பு ஊரும் தாயி. ரெண்டாவதுக்குக் காது அடைச்சுப் போகும். மூணாவது வேட்டை நான் கேட்டதே இல்லை. என்ன பேசினேன்னு மறுநாள் எவனாவது சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்ப எல்லா வேட்டும் கேக்குது. கொட்டுக்காரன் இருமுறதுகூடக் கேக்குது."

"அரிவா மேல ஏறி நிக்கிறீங்களே?"

"அதுல ஒரு மாயமும் இல்லை. ரெண்டு பேரு இழுத்துப் பிடிச்ச அரிவா. பாதத்தைச் சமமா வச்சு அசையாம நின்னா வெட்டாது. வழுக்கினாத்தான் வெட்டும். நிசமாச் சாமி வந்து ஆடின காலத்துல எனக்கு ரெண்டு தடவை பாதம் கிழிஞ்சிருக்கு. இந்த நாலு வருஷம் ஒரு கீறல் கிடையாது. ஊர் சொல்லுது, இப்பத்தான் கருப்பர் முழுசா இறங்குறாருன்னு."

முத்திருளாயி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"சரிண்ணே. நாலு வருஷம் இப்படியே ஓட்டியாச்சு. இன்னைக்கு மட்டும் என்ன ஓட்டம்?"

"இன்னைக்குக் குத்தம் கேக்கிறாங்க."

"யார் மேல?"

"சடச்சி மேல."

அவள் கை அப்போதுதான் நின்றது.

அந்த ஊர் வழக்கம் இது. களரிக்கு ஒவ்வொரு வீடும் ஒரு ஆடு கொண்டுவரும். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைக் குலுக்கினால் கருப்பர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். குலுக்கிய ஆட்டை மறுக்க ஊரில் யாருக்கும் உரிமை இல்லை. குலுக்காவிட்டால் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை சாமியாடியின் முன்னால். அப்போதும் குலுக்காவிட்டால் அந்த வீட்டில் குத்தம் உண்டா என்று கருப்பரைக் கேட்பார்கள். உண்டு என்று சாமியாடி சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு யாரும் நெருப்பு கொடுக்க மாட்டார்கள். கண்மாய்த் தண்ணீரில் முறை கிடையாது. வாசல் மிதிக்க ஆள் வராது.

"காலையில ரெண்டு தடவை ஊத்தியாச்சு," என்றான் மாயழகு. "சடச்சி ஆடு குலுக்கலை. அவ புருஷன் லாரியில மூட்டை ஏத்துறப்ப விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கட்டில்ல கிடக்கான். ரெண்டு பொட்டைப்பிள்ளைக. தண்ணி முறையை நிறுத்தினா எத்தனை நாள் தாங்குவா?"

"அவ என்ன குத்தம் செஞ்சா?"

"மடைக்குப் பக்கத்துல அவளுக்கு ஒரு வயல் இருக்கு. ஊர்த் தலைவரு, நம்ம அம்பலம், அதைக் கேட்டாரு. தரமாட்டேன்னுட்டா."

"அது குத்தமா?"

"நேரா அப்படிச் சொல்ல முடியுமா? அதுக்குத்தான் ஆடு. அதுக்குத்தான் நான்."

சொல்லிவிட்டுத் தரையில் துப்பினான்.

"காலையில அம்பலம் என் தோள்ல கையைப் போட்டாரு. 'கருப்பர் வாயில என்ன வருதோ அதான்டா மாயழகு, நம்ம கையில என்ன இருக்கு'ன்னாரு. தோளை ஒரு அமுக்கு அமுக்கினாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"போகாம இருந்துருங்க."

"போகலைன்னா மூக்காண்டி கச்சை கட்டுவான். அம்பலத்தோட பங்காளி. ஆட்டுக்குத் தண்ணி ஊத்துறவனும் அவன்தான். கச்சை கட்டின மறு நிமிஷம் அவனுக்குச் சாமி வந்துரும். அம்பலம் சொல்லிவிட்ட சாமி."

"அப்ப நீங்களே போயி உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்? கருப்பருக்குத்தான் தெரியும். அவரு என் மேல வந்து சொல்லணும். அவரு பக்கத்துல இருக்கார்னு எனக்குத் தெரியணும். அந்த எறும்பு ஊரணும். ஊருச்சுன்னா அம்பலமாவது ஒண்ணாவது, நான் யாருக்கும் பயப்பட மாட்டேன்."

"ஆடு எப்பண்ணே குலுக்கும்?"

"என்ன?"

"நாப்பது வருஷமா ஆடு பிடிக்கிறீங்க, விக்கிறீங்க. அதான் கேக்கிறேன். ஆடு எப்பக் குலுக்கும்?"

"கருப்பர் ஏத்துக்கிட்டாக் குலுக்கும்."

"அப்படியா?"

"ஊருக்கே தெரியும்."

"நான் ஊரைக் கேக்கலை."

மாயழகு துண்டை உதறித் தோளில் போட்டான். "எனக்கு நேரமாச்சு. முடியும்னா முடியும்னு சொல்லு. இல்லைன்னா விடு."

"முடியும்."

"என்னது?"

"சாமிதானே வரணும்? வரவைக்கிறேன். சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க. கண்ணை மூடுங்க."

நாலு வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சட்டையைக் கழற்றினான். வெயிலில் காய்ந்த கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கண்ணை இறுக்கி மூடினான்.

அவள் செம்பில் தண்ணீர் மொண்டு அவன் முதுகில் ஊற்றினாள்.

"என்ன தெரியுது?"

"குளுகுளுன்னு இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை. ஓடி வந்த உடம்புக்குச் சுகமா இருக்கு. ஊத்து."

இன்னொரு செம்பு ஊற்றினாள். அவன் தோள்கள் தளர்ந்தன. மூச்சு நிதானமானது.

"இப்ப?"

"தூக்கம் வர்ற மாதிரி இருக்கு."

மூன்றாவது செம்பை அவன் காதுக்குள் ஊற்றினாள்.

மாயழகு துள்ளினான். தலை சிலிர்த்து, தோள் சிலிர்த்து, இடுப்பு வரைக்கும் உதறி, சுற்றிலும் நீர்த்துளி தெறிக்க எழுந்து நின்றான்.

"அடச்சீ! பொம்பளையா நீ? கிறுக்குச் சிறுக்கி!"

"குலுக்கிட்டீங்க," என்றாள் முத்திருளாயி. "கருப்பர் ஏத்துக்கிட்டாரு."

அவன் கை ஓங்கிவிட்டது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் நகரவில்லை. அவன் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது வேட்டு வெடித்தது.

மாயழகு கையை இறக்கினான். கல்லில் உட்கார்ந்தான். அவளைப் பார்க்காமல் கண்மாயைப் பார்த்துப் பேசினான்.

"மூக்காண்டி முதுகுலதான் ஊத்துறான்."

"ம்."

"வெயில்ல கட்டிப்போட்ட ஆடு முதுகுத் தண்ணியைச் சுகமா வாங்கிக்கிட்டுச் சும்மா நிக்கும். காதுல போனாத்தான் குலுக்கும். அம்பலம் வீட்டுக் கெடாவுக்குக் காதைத் தேடி ஊத்துறான். சடச்சி கெடாவுக்கு முதுகுல, தடவிக் கொடுக்கிற மாதிரி."

"பாத்தீங்களா?"

"மூணு முழம் தள்ளி நின்னேன்."

"எப்பத்திலருந்து தெரியும்?"

"ஆட்டைத் தொட்ட முதல் வருஷத்திலருந்து."

அவள் பானைத் துணியை அவிழ்த்து உதறினாள்.

"கடைசியா எறும்பு ஊருனது எந்தக் களரியில?"

"அது ஆச்சு அஞ்சு வருஷம்."

"அதுக்கு அடுத்த களரியில என்ன?"

மாயழகு துண்டை எடுத்துக் காதைத் துடைத்தான். அவள் மறுபடி கேட்கவில்லை. அது அவனுக்குத் தாங்கவில்லை.

"ஆண்டியப்பன் மேல குத்தம் கேட்டாங்க," என்றான். "அன்னைக்குச் சாமி வர நேரமாச்சு. வருதா வருதான்னு பாத்தேன். ஊரே பாக்குது. வரலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அம்பலம் விபூதி பூசுற மாதிரி வந்து காதோரம் 'குத்தம் உண்டு'ன்னாரு. அதை நான் கருப்பர் குரல்ல கத்தினேன். ஆண்டியப்பன் எதுத்து ஒரு பேச்சுப் பேசலை. சாமி சொன்னா அவன் என்ன பேசுவான்? என் கால்ல விழுந்துட்டு எந்திரிச்சான். மறுநாள் பொஞ்சாதி பிள்ளையோட பஸ் ஏறிட்டான். எங்கே இருக்கான்னு தெரியலை. நான் போற சந்தையில எல்லாம் தேடுறேன்."

"தேடி?"

"பாத்தா என்ன சொல்லன்னும் தெரியலை."

அக்கரையில் கொட்டு தொடங்கிவிட்டது. மாயழகு சட்டென்று நிமிர்ந்தான். முகத்தில் சந்தைக்காரனின் களை வந்தது.

"தாயி, வழி இருக்கு. போறேன். கச்சை கட்டுறேன். அரிவா மேல ஏறுறேன். கருப்பர் குரல்லயே கத்துறேன், சடச்சி மேல குத்தமில்லைன்னு. எவன் மறுப்பான்? அம்பலமே கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அவளும் பிழைச்சா, நானும் பிழைச்சேன். எப்படி?"

"ஆண்டியப்பனுக்கு யார் குரல்ல சொன்னீங்க?"

"கருப்பர் குரல்ல."

"இது யார் குரல்ல?"

"அது கெடுக்கச் சொன்னது. இது காப்பாத்தச் சொல்றது. ரெண்டும் ஒண்ணா?"

"நீங்கதான் ஆட்டைப் பாத்தாலே வயசு சொல்றவராச்சே. நீங்களே சொல்லுங்க."

அவனுக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் யார் குரல்ல பேச? மாயழகு குரல்லயா? சந்தையிலயே என் வார்த்தையை எவனும் நம்ப மாட்டான். நாலு வருஷமா ஏமாத்தினேன்னு சொன்னா, முதல்ல கச்சையைப் பிடுங்குவானுக. அப்புறம் அடிப்பானுக."

"அடிக்கலாம்."

"கொன்னாலும் கொல்லுவானுக."

"தெரியலைண்ணே."

"நீயெல்லாம் ஒரு குரு! சாமியைக் காட்டுன்னு வந்தா, காதுல தண்ணியை ஊத்திட்டு, போய் அடி வாங்குங்கிறே. பயப்படாதே, கருப்பர் கூட இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"நான் சொல்லிட்டா எறும்பு ஊருமா?"

மாயழகு சட்டையை எடுத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் கரையில் இறங்கி நடந்தான். நடை ஓட்டமானது.

அவன் தலையும் உடம்பும் நனைந்திருந்தன. குளித்துவிட்டு வருகிறான் என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது. யாரோ கச்சை கட்டினார்கள். யாரோ காலில் சலங்கை மாட்டினார்கள். அவன் கழுத்தில் மாலை விழுந்தது.

மூன்றாவது வேட்டு வெடித்தது. அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது.

மடைக்கருப்பர் சன்னதிக்கு எதிரே சடச்சி ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கயிறு கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. மூக்காண்டி மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்தான். மூன்றாம் தடவை ஊற்றினான். முதுகில். கெடா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது.

"குலுக்கலை!" என்று யாரோ சொன்னார்கள்.

"குலுக்கலை! குலுக்கலை!" கூட்டம் பின்பக்கம் வரைக்கும் சொல்லிக்கொண்டு போனது.

இரண்டு பேர் அரிவாளை முழங்கால் உயரத்துக்குப் பிடித்தார்கள். கொட்டு வேகமெடுத்தது. மாயழகு ஏறவில்லை. அம்பலம் பக்கத்தில் வந்தார்.

"கருப்பா, ஊருக்கு வாக்குச் சொல்லு," என்றார் சத்தமாக. பிறகு மெல்ல, "ஏறுடா."

மாயழகு கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். ஒருவன் நிறுத்தினான். மற்றவன் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினான்.

"சாமி வரலை," என்றான் மாயழகு.

யாருக்கும் புரியவில்லை.

"கருப்பர் கோவமா இருக்காரு," என்றாள் ஒரு கிழவி.

"கோவமும் இல்லை, ஒண்ணும் இல்லை. வரலைன்னா வரலை. நான் மாயழகு பேசுறேன். ஆட்டு யாவாரி மாயழகு. நாலு வருஷமா எனக்குச் சாமி வரலை. வந்த மாதிரி ஆடினேன். ஆண்டியப்பன் மேல குத்தம்னு சொன்னது கருப்பர் இல்லை. நான். அது பொய்."

சாமிக் குரல் இல்லை. சந்தையில் ஆடு விலை படியாமல் போனால் வருகிற அதே கரகரத்த குரல்.

"யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேக்காதீங்க. எவன் சொன்னாலும் வாய் என்னுது."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் வந்தான். ஆண்டியப்பனின் அண்ணன் சோணைமுத்து. ஒன்றும் கேட்கவில்லை. ஓங்கி அறைந்தான். மாயழகு தடுமாறி நின்றான். சோணைமுத்து இன்னொன்று அறைந்தான். உதடு கிழிந்தது. வாழ்நாளில் யாரிடமும் திருப்பிக் கொடுக்காமல் அடி வாங்காத மாயழகு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"இன்னும் அடி," என்றான். "ஆனா முதல்ல ஆட்டைப் பாரு. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அடி."

மூக்காண்டியிடம் போய்ச் சொம்பைக் கேட்டான்.

"கச்சை கட்டினவன் தண்ணி ஊத்தக் கூடாது," என்றான் மூக்காண்டி.

மாயழகு கச்சையை அவிழ்த்துப் போட்டான். சலங்கையைக் கழற்றிப் போட்டான். மாலையையும் போட்டான்.

"இப்பக் கட்டலை. கொடு."

கொடுக்கவில்லை. பிடுங்கினான்.

நேராக அம்பலம் வீட்டுக் கெடாவிடம் போனான். காலையில் முதல் சொம்புக்கே குலுக்கிய கெடா. அதன் முதுகில் தண்ணீர் ஊற்றினான். கெடா அசையவில்லை. மறுபடி ஊற்றினான். அசையவில்லை.

"அம்பலம் கெடாவும் குலுக்கலை," என்றான். "இதுக்கு என்ன குத்தம்?"

அம்பலத்தின் கை மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது.

மாயழகு கெடாவின் காதில் கொஞ்சம் ஊற்றினான். கெடா குலுக்கியது.

"மூக்காண்டி எங்கே ஊத்துறான்னு கண்ணு இருக்கிறவன் பாத்துக்க."

பிறகு சடச்சியின் ஆட்டிடம் வந்தான். காதைப் பிடித்து ஊற்றினான்.

ஆடு குலுக்கவில்லை.

நாற்பது வருஷத்தில் எந்த ஆடும் இப்படி நின்றதில்லை. ஒரு மூச்சு போனது. இரண்டு மூச்சு போனது. மூக்காண்டி சிரிக்க ஆரம்பித்தான். தண்ணீர் இன்னும் இருந்தது. ஊற்றக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

முகத்தில் பளாரென்று தண்ணீர் தெறித்தது.

மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஆடு உதறிக்கொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை எழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. குலுக்கிய ஆடு. அம்பலத்துக்கு வழக்கம் தெரியும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மூக்காண்டி அவசரமாகக் கச்சையை எடுத்துக் கட்டிக்கொண்டான். அவனுக்கு உடனே சாமி வந்தது. கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லாததால் சும்மா ஆடிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் ஊர் மாயழகு பக்கம் திரும்பியது. நாலைந்து பேர் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வேட்டி கிழிந்தது. எல்லைக் கல்லுக்கு வெளியே விட்டார்கள்.

"இனிக் கருப்பர் எல்லைக்குள்ள உன் காலு படக் கூடாது."

அவன் பேரம் பேசவில்லை.

பொழுது இறங்கும்போது கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தான். களத்திலிருந்து திரும்பி வந்த முத்திருளாயி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்திருந்தியா?"

"பொம்பளைங்க பக்கம் நின்னேன்."

"எல்லாம் பாத்தியா?"

"பாத்தேன்."

மாயழகு கிழிந்த உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கிறேன். சுத்தி வளைக்காமச் சொல்லு. இன்னைக்காவது சாமி வந்துச்சா?"

"நீங்கதானே அங்கே நின்னீங்க."

"அதான் சொல்றேன், எனக்கு ஒண்ணும் தெரியலை. எறும்பு ஊரலை. காது அடைக்கலை. வெறும் பயம். ஆடு குலுக்காம நின்னப்ப வேட்டியில மூத்திரம் போயிருவேன்னு இருந்துச்சு. கச்சை போச்சு, ஊர்ல பேரு போச்சு, இனிக் கோயில் வாசலும் இல்லை. இவ்வளவும் கொடுத்திருக்கேன் தாயி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பக்கத்துல இருக்கேன்னு காட்டக் கூடாதா?"

"சடச்சி என்ன செஞ்சா, பாத்தீங்களா?"

"இல்லை. என்னைத்தான் பிடிச்சுத் தள்ளிட்டாங்களே."

"ஆட்டுக் கயித்தை விட்டுட்டா. தலைக்கு மேல கையைத் தூக்கிக் கும்பிட்டா."

"கும்பிடுவா. கருப்பர் காப்பாத்திட்டாரே."

"கருப்பர் சன்னதி அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்துச்சு."

மாயழகு திரும்பினான்.

"பின்னே எதைப் பாத்துக் கும்பிட்டா?"

"உங்களைத் தள்ளிக்கிட்டுப் போன திசையைப் பாத்து."

"சாமி வரலைன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேனே. அவ காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அதைக் கேட்டுட்டுத்தான் கும்பிட்டா."

மாயழகு அக்கரையைப் பார்த்தான்.

"சாமி வந்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான். "அப்ப எனக்கு ஏன் தாயி தெரியலை?"

"தெரிய வேண்டியது அவளுக்குத்தாண்ணே," என்றாள் முத்திருளாயி. "உங்களுக்கு எதுக்கு அது?"